கற்றாழை பூசிய கால்

"காலைக் கொஞ்சம் முன்னால வச்சுக் காட்டுங்கம்மா" என்றார் தாசில்தார்.

பள்ளிக்கூட வராந்தாவில் வாத்தியாருடைய மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். முற்றத்து வேப்பமர நிழலில் ஊரில் பாதி நின்றது. நாலு பேர் பார்க்க ஒரு பெண்பிள்ளையிடம் காலைக் காட்டச் சொல்லும் விசாரணையை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. நான் புடவையைக் கணுக்கால் தெரியுமளவு தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை முன்னே வைத்தேன். பெருவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டேன். பயம் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு வந்தது கோபம்.

கால் பளிச்சென்று இருந்தது. விரலிடுக்கில் புண் இல்லை, குதிகாலில் வெடிப்பு இல்லை, நகக்கண்ணில் சேற்றுக்கறை இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நானே அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பேன். அன்றைக்கு அந்தக் கால் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"நல்லா பாத்துக்குங்க சார்" என்றார் மிராசுதாரின் ஏஜெண்டு. மிராசுதார் தஞ்சாவூரில் இருந்தார். நிலத்தையும் எங்களையும் மேய்ப்பதற்கு இந்த ஏஜெண்டை ஊரில் வைத்திருந்தார். "இது சேத்துல எறங்குன காலா? எங்க மொதலாளி வீட்டு அம்மா காலுகூட இப்படி இருக்காது சார்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

விஷயம் இதுதான். குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே ஏழு மா, அதாவது இரண்டேகால் ஏக்கருக்குச் சற்று மேலான நஞ்சையை என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் வைத்து வந்தோம். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. கழக ஆட்சி வந்த பிறகு, குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் பெயரைச் சர்க்கார் கணக்கில் பதியலாம், பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் வெளியே தள்ள முடியாது என்று சட்டம் வந்தது. ஆனால் பதிகிறவர் தன் உடம்பு உழைப்பால் பயிர் செய்கிறவராக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பதிய வேண்டும் பதிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் போனதும் ஏஜெண்டு வந்து நின்றார். "குத்தகை அவனோட முடிஞ்சுபோச்சு. பொம்பள நீ வயல்ல எறங்கறதில்ல, ஆள வச்சு வேல வாங்கற. மொதலாளி நெலத்த எடுத்துக்கப் போறாரு" என்றார். நான் மனுப் போட்டேன். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அந்த ஏழு மா போனால் எங்கள் இரண்டு பேருக்கும் போக்கிடம் கிடையாது. மனையும் அந்த மிராசுதாருடையதுதான்.

விசாரணை ஆனி மாதத்தில் வந்து விழுந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டாகிவிட்டது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக ஓடியது. ஊரே நாற்றங்கால் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வயலில் மட்டும் இறங்கக்கூடாது என்று ஏஜெண்டு தடுத்து வைத்திருந்தார். இறங்கினால் போலீஸ் வரும். இறங்காவிட்டால், நிலம் தரிசாகக் கிடக்கிறது, இவள் எங்கே சாகுபடி செய்கிறாள் என்று அதையே காட்டுவார். எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

என் கால் எப்படி அப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது அதிராம்பட்டினம் பக்கம், மணல் பூமி. கல்யாணமாகி வந்த முதல் சம்பாவில் நடவுக்கு இறங்கினேன். நாலைந்து நாளில் விரலிடுக்கெல்லாம் வெந்தது மாதிரி வெளுத்துப் பிய்ந்துவிட்டது. சேற்றுப்புண். நடவு காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் வருவதுதான். குதிகாலை ஊன்றி, விரலைத் தூக்கிக்கொண்டு, வாத்து மாதிரி நடப்பார்கள். எனக்கு நிற்கவே முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் மறுநாள் எங்கிருந்தோ ஒரு சோற்றுக்கற்றாழையை வேரோடு கொண்டுவந்து எங்கள் வயல் மதகுக்குப் பக்கத்தில், புங்கமரத்தடியில் நட்டார். "வேல முடிஞ்சதும் இங்கயே அறுத்துப் பூசிக்க. வீடு வரைக்கும் நொண்ட வேணாம்" என்றார். அவர் எனக்கு வாங்கித் தந்த பொருள் என்று வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தக் கற்றாழை குட்டி போட்டுப் போட்டு ஒரு புதராக ஆகியிருந்தது.

சேற்றில் இறங்குவதற்கு முன்னால் முழங்கால் வரை புங்க எண்ணெய் பூசிக்கொள்வேன். அதன் கசப்பு நாற்றத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், ஆனால் சேறு தோலுக்குள் இறங்காது. கரையேறியதும் கற்றாழை. அதை அறுத்ததும் பூசிவிடக்கூடாது. மடலை நிமிர்த்தி வைத்தால் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அந்தப் பால் பொல்லாதது. பழகாத தோலில் பட்டால் தடித்துப்போய் அரிக்கும். துணியில் பட்டால் காய்ந்து செம்பழுப்பாகிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாக அலசித்தான் பூச வேண்டும். வீட்டில் என் மாமியார் அந்தச் சோற்றைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வைப்பார். ராத்திரி படுக்கப்போகும்போது அது. குதிகாலுக்கு விளக்கெண்ணெய். இந்த வைத்தியத்தில் என் காலைப் பார்த்து ஊர்ப்பெண்கள் பொறாமைப்பட்டதும் உண்டு, கேலி செய்ததும் உண்டு.

இதோடு விட்டிருக்கலாம். விசாரணைக்கு ஜீப் வருகிறது என்று தெரிந்ததும் என் மாமியார் தடபுடலாக இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஆஸ்பத்திரியோ, ஆபீசோ, கோயிலோ, கல்யாணமோ, எங்கே போவதானாலும் முதலில் கால் நகத்துச் சேற்றுக்கறையைப் போக்கிவிட்டுத்தான் போவார்கள். கறையோடு போய் நின்றால் பெஞ்சில் உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "சர்க்கார் ஆளு முன்னாடி நாத்தம் புடிச்ச காலோட நிப்பியா? உக்காருடி" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார். புளியைக் கரைத்து நகத்தைத் தேய்த்தார். காய்ந்த பீர்க்கங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்தார். கற்றாழை எண்ணெயைக் காலிலும் கையிலும் பூசி ஊறவைத்தார். அவர் கை பட்டதில் எனக்கே கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. நிலத்தில் உழைத்தேன் என்று நிரூபிக்கப் போகிறவள் உழைத்த தடயத்தையெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு போகிறாளே என்று எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் உறைக்கவில்லை.

வராந்தாவில் தாசில்தார் என் கையையும் பார்த்தார். இடது சுண்டுவிரலில் கருக்கரிவாள் வெட்டு ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன்.

"அறுப்புல பட்டதுங்க."

"அரிவாமணையில காய் நறுக்குனாலும் படும்" என்றார் ஏஜெண்டு. பிறகு குரலைத் தாழ்த்துவது போலத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "புருசன் போயி ரெண்டு வருசம் ஆகல. எண்ணெ என்னா, மினுக்கு என்னா. வயல்ல வேல செய்யிறவளுக்கு இதுக்கெல்லாம் ஏது சார் நேரம்?"

என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவமானம் என்றால் அதுதான் அவமானம். அதற்குள் என் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான்யா பூசி விட்டேன். எம் மருமவளுக்கு நான் எண்ணெ தேச்சா ஒனக்கு எங்க எரியுது?"

தாசில்தார் மேசையைத் தட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது, அதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"இது கத்தாழை பூசின காலுங்க. சேத்துல எறங்குறதாலதான் பூசுறேன். நம்பலன்னா வயலுக்கு வாங்க. மதகுப் பக்கத்துல கத்தாழப் பொதரு இருக்கு. எங்க வீட்டுக்காரரு வச்சது. வருசக்கணக்கா நான் அறுத்த வெட்டு அத்தனையும் அதோட அடியில இருக்குங்க. நீங்களே வந்து பாருங்க."

"சரி. காலையில வயல வந்து பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று தாசில்தார் எழுந்துவிட்டார்.

ஏஜெண்டு தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் வேறு ஒரு காரியத்தில் இறங்கினார். விடிவதற்குள் எனக்குச் சேற்றுப்புண் வரவழைத்துவிட வேண்டுமாம். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாணியும் மூத்திரமும் தேங்கி நாறும் பள்ளத்தில் இரண்டு குடம் தண்ணீர் கொட்டினார். "எறங்கி நில்லு. இதுல வராத புண்ணு எதுல வந்துடும்?" என்றார். நானும் புத்தி கெட்டு இறங்கி நின்றேன். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற வரை நின்றேன். கொசு பிடுங்கியது. மாடு திரும்பித் திரும்பிப் பார்த்தது. நடுவில் மாமியார் விரலை விட்டு விரலிடுக்கைத் தடவிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். என் கால் அசைந்து கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் ஊறிய எண்ணெய் ஒரு சாயங்காலத்தில் இறங்கிவிடுமா? வேண்டாத காலத்தில் வந்து உயிரை வாங்கின புண், வா வா என்று கூப்பிட்டபோது எட்டிப் பார்க்கவில்லை.

"செங்கல்ல தேய்ச்சுப் பாப்பமா?" என்றார் மாமியார்.

"போதும் அத்தே. காலு நல்லா இருக்குறதுக்காக நெலம் போகணும்னா போவட்டும்" என்று கத்திவிட்டு வெளியே வந்து காலைக் கழுவினேன். போகட்டும் என்று வாய்தான் சொன்னது. என் வீட்டுக்காரர் நட்ட கற்றாழை ஒன்றை நம்பித்தான் விடியக் காத்திருந்தேன்.

காலையில் தாசில்தாரின் ஜீப் வரப்புப் பாதை முடிகிற இடத்தில் நின்றது. அவரும் தலையாரியும் நடந்து வந்தார்கள். ஏஜெண்டு எங்களுக்கு முன்பாகவே வந்து புங்கமரத்தடியில் நின்றிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பித்தான் மாட்டியிருந்தார். ஆனி மாதப் புழுக்கத்தில் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு அதையெல்லாம் யோசிக்க அப்போது மனம் இல்லை. நான் மதகைப் பார்த்தேன்.

கற்றாழை இல்லை.

புதர் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஈரமண் கிளறிக் கிடந்தது. அறுந்த வேர் நுனிகள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் காது அடைத்துவிட்டது. என் வீட்டுக்காரரை எடுத்துப்போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பள்ளத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நிலம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் நான்தானே இடத்தைச் சொல்லிக் கொடுத்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"எங்கம்மா கத்தாழை?" என்றார் தாசில்தார்.

"எந்தக் கத்தாழை?" என்றார் ஏஜெண்டு. "நான் பாத்ததே இல்லையே சார். இருந்திருந்தாலும் ஏதாச்சும் மாடு மேஞ்சிருக்கும்."

"எந்த ஊரு மாடுய்யா கத்தாழ திங்கும்? ஒங்க மிராசுதாரு வீட்டு மாடா?" என்றார் என் மாமியார்.

தலையாரி வாயைப் பொத்திக்கொண்டான். தாசில்தாருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பை வைத்து நிலத்தைப் பதிய முடியாது. அவர் பள்ளத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிடப் போகிறார் என்று தெரிந்தது. நான் எழுந்து நின்றேன்.

என் மாமியார் மட்டும் ஏஜெண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, பந்தியில் விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"என்னங்க ஏஜெண்டய்யா, வந்ததுலேருந்து கைய சொறிஞ்சிக்கிட்டே இருக்கீங்க?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். அவர் சட்டைக் கையோடு சேர்த்து இடது முன்கையை வலது கையால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கேட்டதும் நிறுத்தினார். நிறுத்த முடியவில்லை. விரல்கள் தாமாகவே மறுபடியும் அங்கே போயின.

தாசில்தார் அவர் பக்கம் திரும்பினார். முந்தின நாள் என்னிடம் பேசின அதே குரலில், அதே மரியாதையோடு சொன்னார்.

"கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"வேலியில கீறிக்கிச்சு சார், ஒண்ணுமில்ல…"

"பித்தானக் கழட்டிட்டுக் காட்டுங்க."

ஏஜெண்டு பித்தானைக் கழற்றினார். முன்கை இரண்டும் முழங்கை வரை சிவந்து, தடித்துத் தடித்துப் போயிருந்தன. நடுவில் முள் கீறின கோடுகள். சட்டைக் கையின் உள்பக்கம் செம்பழுப்பாக ஒரு கறை ஊறி இறங்கியிருந்தது. புதரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்திருக்கிறார். அவருக்கு ஆள் கிடைத்திருக்காது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கொடி இருந்தது. நான் நட்ட வயலில் என் வீட்டுக்காரர் வைத்த செடியைப் பிடுங்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களை வைத்தே வேலை வாங்கின மனிதர் அன்றைக்கு ஒரே ஒரு வேலையைத் தன் கையால் செய்திருக்கிறார். பாலை வடியவிட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தாசில்தார் தலையாரியை வாய்க்காலில் இறங்கிப் பார்க்கச் சொன்னார். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கீழ்மதகின் பலகையில் சருகோடு சருகாகப் புதர் சிக்கியிருந்தது. தலையாரி அதைத் தூக்கிக்கொண்டுவந்து வரப்பில் போட்டான். தாசில்தார் குனிந்து, அடியில் வரிசையாகக் காய்ந்திருந்த வெட்டுத் தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தார். சில கருத்துப்போனவை. சில போன தை அறுப்பில் நான் அறுத்தவை.

"இந்தம்மா வயல் பக்கமே வர்றதில்லன்னு சொன்னீங்க. அப்ப இத எதுக்குப் புடுங்குனீங்க?" என்று ஏஜெண்டைக் கேட்டார்.

ஏஜெண்டு சொறிந்துகொண்டு நின்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "நாத்து விடலாங்களா சார்?" என்று கேட்டேன்.

"விடுங்க. யாரும் தடுக்க மாட்டாங்க. உத்தரவு பின்னால வரும்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்புக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் என் மாமியார் இடுப்பிலிருந்து கற்றாழை எண்ணெய்க் குப்பியை எடுத்தார். எதற்காகக் கொண்டுவந்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை ஏஜெண்டிடம் நீட்டினார்.

"பூசிக்குங்க. ஒங்க மொதலாளி வீட்டு அம்மா காலு மாதிரி ஆயிடும்."

அவர் வாங்கவில்லை. வரப்பில் விறுவிறுவென்று போய்விட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு புதரைத் தூக்கி அதே பள்ளத்தில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தேன். கற்றாழைக்கு மண் இல்லாமலே பல நாள் இருக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.

அன்றைக்கே விதை தெளித்தோம். ஆனால் பயம் என்னை விடவில்லை. உத்தரவு வரும் என்றார்களே தவிர வரவில்லை. மிராசுதார் பெரிய இடத்தில் சொல்லியிருக்கிறார் என்றார்கள், தாசில்தாரை மாற்றப்போகிறார்கள் என்றார்கள். நாளைக்கு வேறொருவர் ஜீப்பில் வந்து காலைக் காட்டு என்றால் என்ன செய்வது? குறுவை நடவுக்கு நான் எண்ணெய் பூசாமல் இறங்கினேன். சம்பா நடவுக்கும் அப்படியே இறங்கினேன். புங்க எண்ணெயையும் தொடவில்லை, கற்றாழையையும் தொடவில்லை. விரலிடுக்கெல்லாம் பிய்ந்து நீர் வடிந்தது. ஊர்ப்பெண்களோடு நானும் வாத்து மாதிரி நடந்தேன். மாமியார் ராத்திரி எண்ணெயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கெஞ்சுவார், திட்டுவார், பிறகு தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். வலியில் எனக்குத் தூக்கம் வராது. வலிக்க வலிக்க ஒரு தைரியமும் இருந்தது. இப்போது வந்து பார்க்கட்டும் என்று நினைப்பேன். ஒரு மனுஷி தன் காலில் புண் ஆறிவிடக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? நான் கும்பிட்டேன்.

சம்பா நட்டு முதல் களையும் எடுத்த பிறகு, ஐப்பசி மழையில், தலையாரி உத்தரவைக் கொண்டுவந்தான். என் பெயர் பதிவாகியிருந்தது. நான் வயலில் நின்றிருந்தேன். அவன் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு காகிதத்தை நீட்டினான். "மொதல்ல படிச்சுப் பாரும்மா" என்றான்.

நான் கரையேறி மதகுக் கல்லில் உட்கார்ந்தேன். கை முழுக்கச் சேறு. காகிதத்தை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிழைத்துக்கொண்ட புதரிலிருந்து ஒரு மடலை அறுத்து, பால் வடியட்டும் என்று கல்லின்மேல் சாய்த்து வைத்தேன்.